எங்கள் வீட்டுத் தரையில் இருந்த மட்டிகள்

முள்ளிமேட்டில் மட்டிகள் சேற்றைவிட்டு எழுந்து ஊருக்குள் வந்தது ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. உப்பங்கழியில் தண்ணீர் நன்றாக வற்றிக் கிடந்தது, நான் வாசலில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து யமுனாவைக் கால்மேல் குப்புறப் போட்டு முதுகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அப்போது முதல் மட்டி என் குதிகாலில் வந்து இடித்து நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று, மஞ்சள் ஓட்டை நகம் அளவுக்குத் திறந்து, உள்ளே இருக்கிற ஒற்றைக் காலை நாக்கு மாதிரி வெளியே நீட்டி, மண்ணில் ஊன்றி, உடம்பை இழுத்து, மறுபடி நீட்டி, மறுபடி ஊன்றி, சேற்றுத் திட்டிலிருந்து ஊர்வரைக்கும் ஈரக்கோடு போட்டுக்கொண்டு வந்துகொண்டே இருந்தன. நான் காலை மடக்கி வழிவிட்டேன். அவை படியேறி உள்ளே போயின. குழந்தைக்குத் தலை துவட்டிவிட்டு நானும் உள்ளே போனேன்.

ஏன் வந்தன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் திட்டில் மட்டி சேற்றுக்குள்ளும், ஆளிச் சிப்பி கல்லின் மேலும், மட்டியின் ஓட்டைத் துளைத்துத் தின்கிற நத்தை இரண்டுக்கும் நடுவிலும் இருந்துகொண்டு, ஒன்று இன்னொன்றைத் தின்றாலும் ஒன்றை ஒன்று ஒழிக்காமல் காலம் தள்ளின. மட்டி ஒரு விரல் ஆழத்தில் கிடந்து, மூக்கு மாதிரி ஒரு குழாயை மேலே நீட்டித் தண்ணீரைக் குடிக்கும், துப்பும். அந்தத் துப்பலைப் பார்த்துத்தான் நாங்கள் இடம் கண்டுபிடித்து, ஓலைப் பறிக்கூடையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவி எடுப்போம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காக்கா ஆழி என்கிற சிப்பி வந்தது. கப்பலின் அடியில் ஒட்டி வந்தது என்று சிலர் சொன்னார்கள், கப்பல் வயிற்றில் சுமந்து வருகிற தண்ணீரில் வந்தது என்று சிலர் சொன்னார்கள். காக்கா நிறம், கட்டைவிரல் நீளம். அது சேற்றுக்குள் போகாது. மேலேயே உட்கார்ந்து நூல் விட்டுப் பக்கத்தில் இருப்பதைக் கட்டும், அது தன் பக்கத்தில் இருப்பதைக் கட்டும், இப்படிக் கட்டிக் கட்டித் திட்டு முழுக்கக் கறுப்புப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. பாய்க்குக் கீழே இருந்த மட்டிக்குக் குழாய் நீட்ட வழியில்லை. சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, இறால் புதைய இடமில்லாமல் போனது, காக்கா ஆழியையே அவித்துத் தின்னலாம் என்று பார்த்தால் எண்ணெய் நாற்றம், தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அந்தப் பாயைக் கிழித்துக்கொண்டுதான் மட்டிகள் எழுந்து வந்தன.

எந்த மட்டி யார் வீட்டுக்கு என்பதிலும் ஒரு கணக்கு இருந்ததை மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டோம். புளியங்கொட்டையைவிடச் சின்னதாகக் கையில் மாட்டினால் அதைத் திரும்பச் சேற்றில் போட்டு ஒரு அழுத்து அழுத்திவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யார் கை அதைத் திருப்பிப் போட்டதோ அவள் வீட்டுக்கு அது வந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி அக்கா பதினெட்டு வருஷம் திட்டில் இறங்கியவள், அவள் வீட்டுக்கு நாலு கூடை அளவு வந்தன. நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, என் வீட்டுக்கு ஒன்பது கூடை வந்தன, தரை தெரியவில்லை.

"ஏண்டி வல்லி, நீ எடுத்ததைவிட வுட்டதுதான் ஜாஸ்தி போலகீதே," என்று அக்கா வாசலில் நின்று சிரித்தாள். "அதான் உன் பறி எப்பப் பாத்தாலும் காத்தாடிச்சி."

எனக்கு எது சின்னது எது பெரியது என்று சரியாகத் தெரியாமல், கேட்கவும் வெட்கப்பட்டு, சந்தேகம் வந்ததையெல்லாம் சேற்றில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. எங்கள் ஊர்ப் பெரியவரை நாட்டார் என்போம். அவர் நெடுநேரம் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கடைசியில், புயலுக்குப் பயந்து வந்தவர்களை நாம் என்ன செய்தோமோ அதையே செய்யலாம் என்றார். வாசல்படி தாண்டி வந்ததைச் சமைக்கக் கூடாது. மண் தரைக்காரர்கள் தரையைக் கொத்திச் சேறாக்குங்கள், சிமெண்டு தரைக்காரர்கள் ஒரு மூலையாவது உடையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கழியில் தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து, தரைக்கு உப்புத்தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரை முகத்துவாரத்தில்தான் மொள்ள வேண்டும், அங்கே கடல் தண்ணீர் புதிதாக உள்ளே வருகிறது, காக்கா ஆழி இருக்கிற கழித் தண்ணீரை யாரும் தொடக் கூடாது.

மறுநாள் நத்தைகள் வந்தன. மட்டி போன தடத்திலேயே மெதுவாக ஊர்ந்து வந்து ஊர் எல்லையில் நின்றன. மட்டியைத் துளைத்துத் தின்கிறதை உள்ளே விடலாமா என்று மறுபடி கூட்டம்.

"மருமவ வந்தா, பின்னாலயே மாமியாரும் வந்துட்டா பாரு," என்றாள் அஞ்சலாட்சி அக்கா.

"அதுங்கள உள்ள வுட்டா ஒண்ணொண்ணா ஓட்டை போட்டுத் தின்னுடும்," என்றார் அவள் வீட்டுக்காரர்.

"நாம மட்டும் இன்னா செஞ்சோம்? அதுவாவது ஓட்டை போட்டுத் தின்னுது. நாம வேவ வெச்சி இல்ல தின்னோம்."

நத்தைகளை வீட்டுக்குப் பத்து என்று பிரித்துக் கொடுத்தோம். ஒரு நாளைக்கு ஒரு மட்டியை அவை தின்னும், தின்னட்டும் என்று விட்டோம்.

ஆவணி பிறந்தபோது ஊர் அதற்குப் பழகியிருந்தது. கழியின் ஏற்றத்துக்குத் தரை இளகி முழங்கால்வரை உள்வாங்கும், வற்றத்துக்கு இறுகும், அதனால் பாயும் பாத்திரமும் அரிசி டப்பாவும் உறியில் ஏறின, பெரியவர்கள் பெஞ்சியில் படுத்தார்கள், குழந்தைகள் தூளியில் கிடந்தார்கள். ஏற்றம் நாளுக்கு நாள் முக்கால் மணிநேரம் தள்ளிப் போகும் என்பதால் பள்ளிக்கூடத்து டீச்சர் தினம் ஒரு நேரத்துக்கு மணி அடித்தார், ரேஷன் கடைக்காரர் கதவில் ஏற்ற நேரத்தைச் சாக்குக்கட்டியால் எழுதிப் போட்டார், ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்தை வற்றத்துக்கு மாற்றி வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏங்க தரை இப்படி இருக்குது என்று கேட்டபோது பெண்ணின் அப்பா, வீட்ல விருந்தாளிங்க கீறாங்கோ என்றார், அவர்களும் சரி என்று ஓரமாக உட்கார்ந்தார்கள். மட்டி ஓட்டைச் சுண்ணாம்புக்கு ஏற்றுகிற லாரிக்காரர் வந்து கேட்டுவிட்டு வெறும் லாரியோடு திரும்பினார். ஆண்கள் வேறு ஊர்ப் போட்டுகளுக்குக் கூலிக்குப் போனார்கள், பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனோம், மட்டி விற்றுச் சாப்பிட்ட ஊர் மட்டிக்குத் தண்ணீர் சுமந்தது.

யமுனாவுக்கு அப்போது நாலு மாதம். எனக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் மட்டிச்சாறுதான் கொடுப்பார்கள். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, மட்டி வாய் திறக்கிற வரைக்கும் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைச் சோற்றில் ஊற்றித் தின்றால் மறுவேளைக்குள் பால் ஊறி நெஞ்சு கனக்கும். பால்சுறா மீனும் பால் ஊற வைக்கும், ஆனால் அதைத் தின்றால் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பால் மாவைக் கரைத்துக் கொடுத்தால் யமுனாவுக்கு வயிறு போனது, மூன்று நாளில் கண் உள்ளே போய்விட்டது, நிறுத்திவிட்டேன். கழி முழுக்கக் காக்கா ஆழி என்பதால் எந்த ஊரிலும் விலைக்குக்கூட மட்டி இல்லை. ஊரில் மட்டி இருந்த ஒரே இடம் எங்கள் வீடுகளின் தரை, எல்லா வீட்டையும்விட அதிகமாக இருந்தது என் வீட்டுத் தரை, நான் தூளிக்குக் கீழே சேற்றில் உட்கார்ந்து வற்றிப்போன மாரைக் குழந்தையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், அது இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும், அப்புறம் அழும். தண்ணீர் ஊற்றுகிற நேரம் மட்டும் அழாது. தண்ணீர் பட்டதும் தரையெல்லாம் சின்னச் சின்னதாகப் பீச்சும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விரலைச் சூப்பும்.

என் வீட்டுக்காரர் தேசப்பன் பத்து நாளைக்கு ஒருதரம் போட்டிலிருந்து வருவார். ஒருதரம் வந்தபோது குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே தரையைப் பார்த்தார்.

"ஒரு கை எடுத்து வேவ வையேன். எவனுக்குத் தெரியப் போவுது?"

"வேணாங்க."

"உம் புள்ளைக்குத்தானே?"

"நம்மள நம்பி வந்ததுங்க இல்ல?"

போகும்போது படியில் நின்று குழந்தையின் உள்ளங்காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

முகத்துவாரம் போய் வர ஒரு மணிநேரம் ஆகும். இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று குடம் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் போவார்கள், ஒன்றாக வருவார்கள், வழி முழுக்கப் பேச்சு. நான் போனால் அந்தப் பேச்சு என்னிடம் வந்து நிற்கும். பால் வந்துச்சா வல்லி? வெந்தயம் போட்டியா வல்லி? பப்பாளிக்காய் தின்னியா வல்லி? அவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கு முந்தானையை இழுத்து இழுத்து மூடத்தான் தோன்றும். ஒருநாள் குழந்தை அழுது அழுது குரல் கட்டிப்போய்ச் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்துகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு ஒரு மணிநேரம் போக எனக்கு மனசு வரவில்லை, கழியிலிருந்து பிரிந்து வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் பழைய படகுத்துறைக்குக் கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, காக்கா ஆழி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, குடத்தின் வாயில் என் புடவைத் தலைப்பை நாலாக மடித்துக் கட்டி, வடிகட்டி மொண்டு வந்து ஊற்றினேன். மட்டிகள் எப்போதும் போலப் பீச்சின. மறுநாளும் அங்கேயே மொண்டேன், குழந்தை தூங்கிய பிறகு தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். அதற்கு மறுநாளும். யாரும் பால் வந்துச்சா என்று கேட்காத அந்தப் பத்து நிமிஷத்துக்காக இருபது நாளும் அங்கேயே மொண்டேன்.

கடுகு மாதிரி ஒன்று அம்மிக்கல்லின் ஈரமான பக்கத்தில் ஒட்டியிருந்ததை முதலில் பார்த்தபோது கடுகு என்றே நினைத்துத் துடைத்தேன். வரவில்லை. நகத்தால் கீறினேன், நூல் இழுத்தது.

காக்கா ஆழி தண்ணீரில் குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, எந்தத் துணியிலும் தங்காது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் சுரண்டினேன். தூளிக்குக் கீழே, வாசல்படியின் உட்புறம், உரலடியில், கதவு நிலையில், மட்டிகளின் ஓட்டிலேயே, எங்கே பார்த்தாலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி, காலையில் சுரண்டினால் சாயங்காலத்துக்குள் இரண்டு மடங்கு, புள்ளி உளுந்தாகி, உளுந்து அவரைக்கொட்டையாகி, ஒன்றின் நூல் இன்னொன்றைப் பிடித்துக் கை அகலத்துக்குப் பாய் பின்னிவிட்டது. நாலாம் நாள் நான் தண்ணீர் ஊற்றியபோது அந்தப் பாய்க்குக் கீழே பீச்சவில்லை.

அன்றைக்கு அஞ்சலாட்சி அக்கா தன் வீட்டுச் சேற்றை மிதித்துக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தாள். ஊற்றிய தண்ணீரையெல்லாம் அதுவரை என் வீட்டுத் தரையே குடித்திருந்தது, இனி மிஞ்சினால் அது சுவரடியில் இருக்கிற மடை வழியாக அவள் வீட்டுக்குத்தான் வடியும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அதற்கு அடுத்த வீட்டுக்கு. நான் சேற்றை அள்ளி மடையை அடைத்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலுக்குப் போய் நின்றேன்.

"அக்கா."

"இன்னாடி, அதிசயமா வாய் தொறந்து கூப்டற?"

"உங்க வீட்டு மடைய அடைங்க."

"எதுக்கு?"

"அது என் வீட்ல பூந்துடுச்சி. நான்தான் கொண்டாந்தேன். பின்னாடி வாய்க்கால்ல மொண்டேன்."

அவள் வாயில் வந்த வசவு எனக்குத் தெரிந்தது, வெளியே வரவில்லை. குழந்தையைப் பார்த்தாள், என் ரவிக்கையைப் பார்த்தாள், குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி மடையில் வைத்து மிதித்தாள்.

"எத்தினி நாளா?"

"இருபது."

"கூப்ட்டிருந்தா நான் கொண்டாந்து ஊத்தியிருக்க மாட்டனாடி, பாவி."

நாட்டார் வந்து பார்த்தார், பத்துப் பேர் வந்து பார்த்தார்கள், மற்ற வீடுகளில் தரையைக் கிளறித் தேடினார்கள், எங்கும் இல்லை, என் வீட்டில் மட்டும் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காக்கா ஆழி காய்ந்தால்தான் சாகும். கூரையைப் பிரித்து, தண்ணீரை நிறுத்தி, தரை வெடிக்கிறவரை வெயிலில் விட வேண்டும். என் மட்டிகளை வேறு வீட்டுக்கு மாற்ற முடியாது, ஒவ்வொன்றின் ஓட்டிலும் கடுகு ஒட்டியிருக்கிறது, போகிற வீட்டையும் அது பிடித்துவிடும். நத்தைகளுக்கும் அதே கதைதான்.

"வந்ததைச் சமைக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்," என்றார் நாட்டார், யாரையும் பார்க்காமல். "வெயில்ல வாயப் பொளந்து வீணா கெடக்கறதுக்கு அண்டாவே தேவல..." துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

மறுநாள் காலை ஆண்கள் கூரைமேல் ஏறிக் கீற்றைப் பிரித்தார்கள். வெயில் நேராக அடுப்படியில் விழுந்தது. அஞ்சலாட்சி அக்கா யமுனாவை வாங்கிக்கொண்டாள், நான் பறியின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு என் வீட்டுத் தரையில் மண்டியிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டேன். திட்டில் கை பட்டால் மட்டி கீழே கீழே போகும். இவை போகவில்லை. கை பட்டதும் ஓட்டைக் கொஞ்சமாய்த் திறந்து, அந்த ஒற்றைக் காலை என் விரல்மேல் வைத்து, தாமாகவே உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தன. எது சின்னது எது பெரியது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது, எதையும் திருப்பிப் போட இடம் இல்லை. ஒன்பது கூடையும் எடுத்து முடிக்க மத்தியானம் ஆனது. பல்லில் வார் இருந்ததால் என் அழுகைக்குச் சத்தம் வரவில்லை.

கோயில் அண்டாவைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். பூண்டு யார் உரித்தார்கள், மிளகு யார் தட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை. மட்டிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்த சத்தம் கேட்டது. சாறு வாசனை தெரு முழுக்கப் போனது, எத்தனையோ மாதம் கழித்து வந்த வாசனை, பிள்ளைகள்கூட அண்டாவின் பக்கத்தில் வரவில்லை.

அஞ்சலாட்சி அக்கா ஒரு தட்டில் சோறு போட்டு, சாற்றை ஊற்றி, சதையைப் பிரித்துப் போட்டுப் பிசைந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கு வேணாங்கா."

"உனக்குக் குடுக்கல. அதுக்குக் குடுக்கறேன்." தன் தோளில் கிடந்த யமுனாவைக் காட்டினாள். "நீ தின்னலன்னா இதெல்லாம் சும்மா செத்ததா பூடும். வாயத் தொற."

"எப்படிக்கா..."

"அழுதுகினே தின்னு. நான் இன்னா சிரிச்சிகினா ஊட்டறேன்?"

அவள் உருட்டி உருட்டிக் கொடுத்தாள், நான் தின்றேன். மணல் இல்லை ஒன்றில்கூட, இரண்டு மாதம் முகத்துவாரத்துத் தண்ணீரிலும் என் வாய்க்கால் தண்ணீரிலும் கழுவிக் கழுவி அவ்வளவு சுத்தமாக இருந்தன, இனிப்பாக இருந்தன. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. மீதியைப் பெண்கள் ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்தார்கள், எனக்குத் துணையாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

வெயில் சாய்கிற நேரம் நெஞ்சு கனத்தது. கூரையில்லாத வீட்டில், இன்னும் ஈரம் காயாத ஓர் ஓரத்தில், பெஞ்சியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டேன். முதல் இழுப்பில் அதற்குப் புரை ஏறியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்து என் மார்மேல் வைத்துக்கொண்டு, விழுங்குகிற சத்தம் வாசல்வரை கேட்கக் குடித்தது. வெளியே நின்ற பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். யாரும் பால் வந்துச்சா என்று கேட்கவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், கழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நானும் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் ஊற்றத் தரை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. குடத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்துக்கொண்டு நிற்கவும் தெரியாமல் நின்றேன்.

அஞ்சலாட்சி அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"கொடத்த எடுத்தது எடுத்துட்ட. என் வூட்டுக்கு ஒரு கொடம் மொண்டா. முகத்துவாரத்துல."

நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன், வழி முழுக்க.